லண்டன் ஃப்ரூட் மிஷின்: பல்பு எரியுது, ரீல் சுத்தல. போர்டு போயிடுச்சா?

முத்தியால்பேட்டைக்காரன்:
வணக்கம். எங்க சித்தப்பா லண்டன்ல ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு ஊர் திரும்பினப்ப, வீட்டுச் சாமானோட ஒரு ஃப்ரூட் மிஷினையும் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தார். அங்க பப்ல நிக்குமே அந்தச் சூதாட்ட மிஷின், மூணு ரீல்ல, அதாவது சுத்துற உருளையில, செர்ரி, எலுமிச்சை, பிளம் படம் போட்டது. காசு வெச்சு ஆடுறதுக்கு இல்ல. பொங்கலுக்குப் பிள்ளைங்க கூடினா, ஹார்லிக்ஸ் பாட்டில்ல சேத்து வெச்ச பழைய பெரிய 10 பென்ஸ் காசைப் போட்டு ஆடும். அந்தக் காசு அங்கேயே 1993-லேர்ந்து செல்லாது, இங்க எங்க வீட்டுல மட்டும் செல்லும்.

சித்தப்பா போன ஆனியில தவறிட்டார். மிஷின் ஓடுற சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்னு சித்தி சொல்றாங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கு ஹாலுக்குள்ள தண்ணி வந்துச்சு, மிஷின் ஸ்டாண்டு மேல இருந்ததால நனையல. அதுக்கப்புறம் யாரும் போடல. போன வாரம் சுவிட்ச் போட்டேன். ஒரு வரிசை பல்பு மட்டும் கண்ணு கூசுற மாதிரி எரியுது, மத்ததெல்லாம் இருட்டு. எழுத்து வர்ற டிஸ்ப்ளே காலி. ரீல் அசையவே இல்ல. உள்ள மிஷினை ஓட்டுற போர்டுல எம்பியூ4-ன்னு மாடல் பேர் போட்டிருக்கு. பவர் சப்ளையில 5.05 வோல்ட் வருது. இங்க ஒரு கடையில காட்டினேன், "போர்டு செத்துருச்சு, எடைக்குப் போடுங்க"ன்னுட்டாங்க. மனசு வரல.

ஓ.டி. டிவி மெக்கானிக்:
தம்பி, எடைக்குப் போடாதீங்க. முதல்ல சுவிட்சை அணைங்க, இனிமே அப்படி எரிய விடாதீங்க. அந்தப் பல்பெல்லாம் வரிசை வரிசையா மாத்தி மாத்தி எரியணும், கண்ணுக்குத்தான் சேந்து எரியுற மாதிரி தெரியும். ஒரே வரிசை நின்னு எரியுதுன்னா பிராசசர் ஓடலன்னு அர்த்தம். அப்படியே விட்டா பல்பும் போகும், அதை ஓட்டுற டிரான்சிஸ்டரும் போகும்.

அந்த போர்டுல மூளை 6809-ங்கற பிராசசர் ஐசி. பக்கத்துல 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒண்ணு இருக்கும், மிஷினோட கணக்கை ஞாபகம் வெச்சுக்க. இத்தனை வருஷத்துல அது கசியாம இருந்தாத்தான் ஆச்சரியம். அதைச் சுத்தி பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருக்கா பாருங்க. பூத்திருந்தா பேட்டரியை வெட்டி எடுத்துடுங்க. கசியிறது காரம், அதனால சமையக்கட்டு வெள்ளை வினிகரைப் பழைய பல்லு பிரஷ்ல தொட்டுத் தேய்ங்க, நுரைக்கும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க.

பவர் சப்ளையில 5.05 வர்றது எனக்குப் போதாது. 6809-ஓட காலுலயே, அதாவது ஐசி பின்னுலயே அளங்க. கறுப்பு முனை 1-வது கால், சிவப்பு 7-வது கால். 4.75-க்குக் கீழ இருந்தா அந்தக் காலத்து ஐசி நம்ம பேச்சைக் கேக்காது. கடலோரத்துல கனெக்டர் பின்னெல்லாம் உப்புக் காத்துல கறுத்துப் போயிருக்கும், நடுவுலயே வோல்ட் தின்னுடும். நான் வேலைக்கு வந்த புதுசுல, மஞ்சக்குப்பத்துல ஒரு வீட்டு டிவிக்கு ரெண்டு நாள் ஐசி மாத்தி மாத்திப் போட்டேன். கடைசியில கனெக்டர். அந்த வீட்டுக்காரர் காத்திருந்த ரெண்டு நாள் இன்னும் மனசுல இருக்கு, அதான் சொல்றேன்.

அது சரியா இருந்தா 37-வது கால், ரீசெட். சுவிட்ச் போட்டதும் வோல்ட் கொஞ்ச நேரம் 0 பக்கம் கீழ இருந்துட்டு 5 வோல்ட்டுக்குப் போகணும். அடுத்து 34-வது கால், கடிகாரம், அதாவது பிராசசருக்குத் தாளம் போடுற கிளாக் சிக்னல். ஓடுச்சுன்னா மீட்டர்ல பாதி வோல்ட் காட்டும், 0-லயோ 5-லயோ நின்னுச்சுன்னா ஓடல. இதெல்லாம் பாக்காம ஒரு ஐசியையும் கழட்டாதீங்க.

வில்லியனூர்_வயர்மேன்:
ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். அந்த ஊரு பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும். இங்க வந்ததும் அதை வெட்டி நம்ம மூணு பின் பிளக் மாட்டியிருந்தா அந்த ஃபியூஸ் போச்சு. லைன்ல ஒரு ஃபியூஸ் ஹோல்டர் போடுங்க. எர்த் கதவு வரைக்கும் வருதான்னும் பாருங்க, அது மெட்டல். குழந்தைங்க கை வெக்கிற சாமான்.

முத்தியால்பேட்டைக்காரன்:
ஐயா, நீங்க சொன்னபடியே. பேட்டரி கீழ பச்சை, 7-வது கால்ல 4.41 வோல்ட். கனெக்டரைச் சுத்தம் பண்ணி, கறுத்த பின்னு நாலை மாத்தினதும் 4.98. ஆனா 37-வது கால் கீழயே கிடந்துச்சு. பேட்டரி பக்கத்துல போர்டுல ஓடுற ஒரு செம்புத் தடம் மேல பாக்க நல்லாத்தான் இருக்கு, ஊசியால சுரண்டினா உள்ள கறுப்புப் பொடி. எனாமல் கம்பி ஒண்ணை மேலால ஓட்டிச் சால்டரால பத்த வெச்சேன். போட்டேன், டிஸ்ப்ளேல எழுத்து வந்துச்சு! சித்தி அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்தாங்க. மூணு ரீலும் சுத்துது, ஆனா நடு ரீல் மட்டும் நிக்காம சுத்திட்டு, அலாரம் அடிச்சு எல்லாம் நின்னுடுது.

ஓ.டி. டிவி மெக்கானிக்:
நல்ல செய்தி, தம்பி. அந்த ரீலுக்கு தான் எங்க நிக்கிறோம்னு தெரியல. ரீல் ஓரத்துல ஒரு சின்னத் தகடு ஆப்டோ சென்சார் வழியாப் போகும், அது ஒளியை மறைக்கிறதை வெச்சுத்தான் கணக்கு. சென்சார் இடுக்கைப் பாருங்க, ஒட்டடை இருக்கும். உள்ள எல்இடி எரியுதான்னு போன் கேமரால பாருங்க, கண்ணுக்குத் தெரியாதது அதுல மங்கலா ஊதாவாத் தெரியும்.

முத்தியால்பேட்டைக்காரன்:
ஒட்டடை இல்லங்கய்யா, பல்லி முட்டை ஓடு. ஊதினதும் வந்துடுச்சு. நேத்து ராத்திரி பத்து மணி வரைக்கும் சித்தி ஆடினாங்க. புது பேட்டரி என்ன போடலாம்? பட்டன் லித்தியம் போட்டா ஆகுமா?

ஓ.டி. டிவி மெக்கானிக்:
லித்தியம் பட்டனை நேராப் போடாதீங்க. அந்த போர்டு பேட்டரியை சார்ஜ் பண்ணும், லித்தியம் பட்டனை சார்ஜ் பண்ணக் கூடாது. 3.6 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் வாங்குங்க. போர்டுல பத்த வெக்காம, ஒரு முழம் வயர் விட்டுக் கேபினெட் அடியில கட்டுங்க. அடுத்த தடவை கசிஞ்சா மரத்துலதான் கசியும்.