குடும்பக் குழுவில் ஒரு டயர் படம்

செந்தில்: 📷 காருக்கு நாலு டயரும் மாற்றியாயிற்று.

அத்தை: எவ்வளவு ஆச்சு?

செந்தில்: கேட்காதீங்க அத்தை.

பெரியப்பா: பிரிட்ஜ்ஸ்டோனா? இவர்கள் ஒரு காலத்தில் பைக்கும் செய்தார்கள், தெரியுமா?

கவின்: டயர் கம்பெனி பைக்கா? ஃபார்வர்டு மெசேஜா பெரியப்பா? 😄

பெரியப்பா: போடா. 350 ஜிடிஆர் என்று தேடிப் பார். அறுபதுகளின் கடைசியில் வந்த வண்டி. டூ ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், ஆறு கியர். நான் ஓட்டிய ராஜ்தூத் 350-உம் அதே கணக்குதான். ஆனால் அது நம் ஊருக்கு வந்தது 1983-இல்.

கவின்: படம் கிடைத்தது. கார்புரேட்டரையே காணோமே?

பெரியப்பா: அப்படிக் கேள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற அந்த கார்புரேட்டர் வழக்கமாக சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும். இதில் இன்ஜினின் இரண்டு பக்கமும் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. இன்ஜினுக்குள் சுழலும் தண்டு, அதாவது கிராங்க், அதோடு சேர்ந்து ஒரு தட்டு சுற்றும், அதில் ஒரு வெட்டு. அந்த வெட்டு துளைக்கு நேரே வரும்போதுதான் பெட்ரோல் கலவை உள்ளே போகும். ரோட்டரி வால்வு என்பார்கள். ராஜ்தூத்தில் இருந்தது ரீட் வால்வு, இன்ஜின் உறிஞ்சும்போது தானாகத் திறக்கும் மெல்லிய தகடு.

பெரியப்பா: அப்புறம், அலுமினிய சிலிண்டருக்குள் லைனர் என்கிற இரும்பு உள்குழாயே கிடையாது, நேராக குரோம் பூச்சு. சூடு சீக்கிரம் இறங்கும். தேய்ந்தால் உள்ளே கடைந்து சரிசெய்ய, அதாவது போர் பண்ண, முடியாது, அது வேறு கதை.

சித்தி: இவ்வளவு நல்ல வண்டியை ஏன் நிறுத்தினார்களாம்?

பெரியப்பா: ஹோண்டா, யமஹா, சுசுகி எல்லோரும் இவர்களிடம் டயர் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். எங்களுக்கே போட்டியாக பைக் விற்றால் டயரை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னதாகப் பேச்சு.

அத்தை: இட்லிக் கடைகளுக்கு மாவு போடுகிறவரே எதிரில் இட்லிக் கடை திறந்த மாதிரி.

பெரியப்பா: அதேதான்! எழுபதுகளின் தொடக்கத்தில் பைக்கைக் கைவிட்டு டயரோடு நின்றுகொண்டார்கள். ஜிடிஆர் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போன வண்டி, எனக்கெல்லாம் படத்தில் பார்த்ததோடு சரி.

செந்தில்: நான் அமெரிக்கக் கம்பெனி என்றல்லவா நினைத்தேன்?

பெரியப்பா: பெயரில் ஏமாந்தாய். ஆரம்பித்தவர் ஷோஜிரோ இஷிபாஷி. இஷி என்றால் கல், பாஷி என்றால் பாலம். அதைத் திருப்பிப் போட்டு இங்கிலீஷாக்கினார். ஜப்பானில் குரூமே என்ற ஊரில் காலுறை தைக்கிற குடும்பம். அதற்கு ரப்பர் அடி வைத்தார், பிறகு 1931-இல் டயர்.

அத்தை: கல்பாலத்தார் வீடு என்று சொல்லுங்கள்.

அத்தை: செந்தில், விலையைச் சொல்லவே இல்லையே?