புதுப்பிப்பு: பழைய ஒட்டோ கியர் கார், 'டி' (முன்னே செல்லும் கியர்) போட்டால் தாமதம்

போன மாதம் கேட்டிருந்தேன்: 2003 ஆம் ஆண்டு கார், காலையில் 'டி' போட்டால் மூன்று நொடி கழித்து 'டக்' என்று இழுக்கிறது, கொழும்பு காலி வீதி (Galle Road) நெரிசலில் கியர் வழுக்குகிறது என்று. பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

"கியர்பொக்ஸைக் கழற்றமுதல் அதன் ஒயிலைப் பாருங்கள்" என்றவர் சொன்னதே சரி. ஒயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு குறைவு, பிளேன்ரீ நிறம், கருகிய மணம். நான் எப்போது மாற்றினேன் என்பதே நினைவில்லை! ஒருமுறை வடித்தால் பழையது முழுக்க வராது. அதனால் 500 கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று தடவை மாற்றினேன். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஒயில் ஃபில்டரும் போட்டாயிற்று. கியர்பொக்ஸ் அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும்தான், உள்ளே ஏதும் உடைந்ததைக் காட்டும் இரும்புத் துண்டு இல்லை.

எதிர்பாராதது, கியர்பொக்ஸ் ஒயில் குளிர்வதற்காக ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் கசிவு. அதையும் மாற்றினேன். வழுக்கல் நின்றுவிட்டது, காலையில் முதல் தடவை மட்டும் லேசான உதறல்.