வேலைக்குப் போய்வந்து பேசவே தெம்பில்லை, பிள்ளையின் வளர்ச்சி பாதிக்குமா?

இரவுப்பணி அம்மா:
மகனுக்கு 14 மாதம். இரவு முழுக்க ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறேன். அதுவரை பிள்ளை என் மாமியாரிடம். காலையில் வந்து துவைத்து, சமைத்து, கொஞ்சம் கண்ணயர்ந்தால் மறுபடி கிளம்பும் நேரம் வந்துவிடும். பொம்மை என்று இருப்பது காற்றுப் போன ஒரு பந்துதான்.

போன வாரம் தடுப்பூசி போடப் போன இடத்தில் பக்கத்தில் இருந்த பெண், தினமும் மகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். இவனைவிடச் சின்னப் பிள்ளை, ஏழெட்டுச் சொல் சொல்கிறது. இவன் ‘மா’, ‘தா’ இரண்டோடு சரி. நான் அவனிடம் பேசுவதும் ‘தொடாதே’, ‘வா’, ‘தூங்கு’ அவ்வளவுதான். ஏழை வீட்டுப் பிள்ளைகள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்டு வளர்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். அதிலிருந்து தூக்கமே சரியில்லை. காசில்லாமல், நேரமும் இல்லாமல் என்னதான் செய்வது?

படியேறி:
பதினொரு வருடமாக வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துவரும் வேலை எனக்கு. முதலில் ஒன்று கேட்கிறேன்: எதையாவது பார்த்தால் விரலை நீட்டிக் காட்டுகிறானா? 14 மாதத்தில் இரண்டு சொல் குறைவே இல்லை. அந்த விரலைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், பொம்மை. 1986-87இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம், உள்ளூர் சுகாதாரப் பணிப்பெண்கள் போனார்கள். கொண்டுபோனவை வீணாகும் பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்கள். போன பெண்கள் தாங்களே விளையாடிவிட்டு வந்துவிடவில்லை. தாயையும் பிள்ளையையும் சேர்ந்து விளையாட வைத்தார்கள். சாமானை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வாரம் வேறொன்றை மாற்றிக் கொடுத்தார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் வருகை கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகம். அதே ஆய்வில் வருகை இல்லாமல் சத்துப் பால்மாவு மட்டும் பெற்ற இன்னொரு பகுதிப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை.

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம் அக்கா. துவைக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு துணியைக் கையில் கொடுத்து, ‘இது யாருடையது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவன் ‘ஆ’ என்றால் அதுதான் பதில். ‘ஆமாம், அப்பா சட்டை’ என்று நீங்கள் தொடருங்கள். நான் பார்த்தவரை எல்லாரும் தடுக்கி விழுவது இந்தக் காத்திருப்பில்தான். கேள்வியையும் கேட்டு, பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலில் பொத்தான்களைப் போட்டால் கிலுகிலுப்பை. மூடியைப் பசை வைத்து ஒட்டிவிடுங்கள், பொத்தான் வாய்க்குள் போனால் ஆபத்து.

எதிர்க்கட்சி:
படியேறி சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த மூன்று கோடிக் கணக்கைத் தயவுசெய்து தலையிலிருந்து இறக்குங்கள். அது 1995இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வந்த கணக்கு. அதில் பார்த்தது மொத்தம் 42 குடும்பங்கள், அதில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை வெறும் ஆறு! பாட்டி, அண்ணன், அக்கா எல்லாரும் பேசுவதையும் சேர்த்து எண்ண வேண்டாமா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். 2018இல் வந்த வேறோர் ஆய்வில், 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் மூளையில் மொழிக்கான பகுதியின் இயக்கம், காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, மாறி மாறிப் பேசிக்கொண்ட தடவைகளோடுதான் ஒட்டிப்போனது. குடும்ப வருமான வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் அப்படித்தான்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். இரவு முழுக்கத் தரை துடைத்துவிட்டு வருகிறவரிடம் ‘இன்னும் கொஞ்சம் பேசுங்கள்’ என்று சொல்வது எல்லாருக்கும் சுலபம். கூலியையும் வேலை நேரத்தையும் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

படியேறி:
மறுக்கவில்லை. ஆனால் கூலி உயரும்வரை பிள்ளை 14 மாதத்திலேயே நிற்காதே. இன்னொன்று, மாமியார்தான் அவனோடு அதிக நேரம் இருக்கிறார். நான் அங்கே வந்தால் முதலில் அவரிடம்தான் பேசுவேன்.

இரவுப்பணி அம்மா:
விரல் நீட்டுகிறான். விளக்கைக் காட்டிக்கொண்டே இருப்பான், நான்தான் ‘சும்மா இரு’ என்பேன்.

நேற்று துணியோடு உட்கார வைத்தேன். அவர் சட்டையைக் கொடுத்துக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து வரை எண்ணுவது லேசில்லை, மூன்றிலேயே வாய் வந்துவிட்டது. இரண்டாம் தடவை அவன் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு ‘தா’ என்றான். எல்லாவற்றுக்கும் ‘தா’தான். அரை மணியில் முடிகிற துணி முக்கால் மணி ஆனது. மாமியார் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, ‘பச்சைப் பிள்ளையிடம் என்ன கேள்வி’ என்றார். இன்று காலை நான் வந்தபோது பாட்டிலைக் கழுவிக் காயவைத்திருந்தார். பொத்தான்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்க்கட்சி:
பழைய சட்டையில் இருக்கும், பிய்த்துவிடுங்கள்.