ப்ளஸ் டூ பொண்ணு டெஸ்ட் மார்க்க திருத்தி வெச்சிருக்கா, கேக்கறதா விடறதா?

பவானிக்கரை_அம்மா:
வணக்கம்ங்க. எங்க பொண்ணு ப்ளஸ் டூ, பயோ மேத்ஸ். காலைல நாலரைக்கு எந்திரிச்சு உக்காந்தான்னா அப்பறம் ஸ்கூலு, அது முடிஞ்சு நீட் கோச்சிங், வீடு வர ராத்திரி ஒம்போதரை. ஞாயித்துக்கெழம 720க்கு மாடல் டெஸ்ட். நேத்து மெத்தை உறைய துவைக்க கழட்டுனேன், உள்ள டெஸ்ட் பேப்பர் நாலா மடிச்சு கெடந்துது. செவப்பு பேனால 412ன்னு போட்டிருந்தத, நடுவுல இருக்கற ஒண்ணுக்கு தலைல ஒரு கோடு இழுத்து 472 ஆக்கிருக்கா. அந்த 472தான் போன வாரம் அவங்கப்பா ஃபேமிலி குரூப்ல போட்டு பெரியப்பா, சித்தி எல்லாம் கைதட்டற பொம்மை அனுப்பிட்டு இருந்தாங்க. ரெண்டு மாசமா சோறு எறங்கறதில்ல, தலை வாரும்போது கொத்தா முடி வருது, டெஸ்ட் அன்னைக்கு காலைல வாந்தி. இவர்கிட்ட சொன்னா திட்டக்கூட மாட்டாரு, நாலு நாளைக்கு பேசமாட்டாரு. என்னங்க பண்றது?

கறார்_அப்பா:
திருத்துனது தப்பு, கண்டிக்கணும். லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டிருக்கற மனுசனுக்கு கேக்க உரிமை இல்லையா? எங்க காலத்துல இதெல்லாம் யாரும் நோயின்னு சொல்லல.

மூணு_அட்டெம்ப்ட்:
அக்கா நானும் மார்க் திருத்துன ஆளுதான். நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல தங்கி ரிப்பீட்டர் படிச்சேன், மாசாமாசம் மார்க்க வெச்சு செக்‌ஷன் மாத்துவாங்க, ஏ செக்‌ஷன்லருந்து சி செக்‌ஷனுக்கு பைய தூக்கிட்டு வராண்டால நடந்து போறத அத்தன பேரும் ஜன்னல்ல பாப்பாங்க. அதக்கூட தாங்கிட்டேன். ஞாயித்துக்கெழம போன்ல அப்பா "எவ்ளோடா"ம்பாரு, சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே வராது, அந்த அரை நிமிஷத்துக்கு பயந்தேதான் பொய் சொன்னேன். பேப்பர கைல வெச்சுட்டு கேக்காதீங்க, போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடும். தலைக்கு எண்ணெ வெக்கறப்ப பேச்சு குடுங்க, மூஞ்சிய பாக்க வேண்டாம்ல. நான் இப்ப வெட்னரி மூணாவது வருஷம், ஸ்டேட் கோட்டால ப்ளஸ் டூ மார்க்க வெச்சே சீட்டு கெடச்சுது, இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா ரெண்டு வருஷம் மிச்சம்.

சாக்பீஸ்_டீச்சர்:
கறார் சார், கேக்க உரிமை இருக்கு, ஆனா வாந்தியும் முடி கொட்டறதும் ரெண்டு மாசமா இருக்கற புள்ளகிட்ட மார்க் கணக்க அப்பறம் பேசிக்கலாம். அம்மா, மொதல்ல ஒரு பிளட் டெஸ்ட் எடுங்க, தைராய்டு, ரத்தசோகைக்கும் முடி கொட்டும். அதுல ஒண்ணும் இல்லன்னா கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, சும்மா போய் உக்காந்து பேசிட்டு வாங்க. போன்ல பேசணும்னா டெலிமானஸ்னு கவர்மென்ட் மனநல உதவி நம்பர் இருக்கு, 14416, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. "இருந்து என்ன பிரயோஜனம்"ங்கற மாதிரி ஒரு பேச்சு வந்தாலும் ஓபி நாள் வரட்டும்னு காத்துட்டு இருக்காதீங்க, அன்னைக்கே கூட்டிட்டு போங்க, தனியா விடாதீங்க. அப்பறம் அந்த குரூப். ஸ்டேட் ரேங்க் அறிவிக்கறத கவர்மென்ட்டே 2017ல நிறுத்திருச்சு, நம்ம சொந்தக்காரங்க குரூப்ல மட்டும் இன்னும் நிறுத்தல.

பவானிக்கரை_அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து எண்ணெ வெச்சேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவளே "அம்மா, மெத்தை உறைய துவைச்சியா"ன்னா. "ஆமா சாமி"ன்னேன். அவ்வளவுதான், அப்பறம் ரெண்டு பேரும் பேசிக்கல, என் மடியில தலைய வெச்சு ரொம்ப நேரம் அழுதா, சீலையெல்லாம் எண்ணெ. அழுது முடிச்சு தோசை கேட்டா, மூணு சாப்ட்டா. திங்கக்கெழம ஆஸ்பத்திரி போறோம், அவங்கப்பாவும் வரேன்னாரு, 412 விசயம் அங்க வெச்சு டாக்டரே சொல்லட்டும்னு இருக்கேன். ஒண்ணு கேக்கணும், குரூப்ல போட்ட அந்த மெசேஜ இப்ப எல்லாருக்கும் அழிக்க முடியுமா? ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு.

மூணு_அட்டெம்ப்ட்:
இவ்வளவு நாளுக்கப்பறம் எல்லாருக்கும் அழியாதுக்கா. விடுங்க, கீழ நெறைய குட்மார்னிங் வந்து அத மூடிருக்கும்.