சித்தி ஸ்கூலுக்கு வந்துட்டு போனதுலருந்து பையன கிண்டல் பண்றாங்க, என்ன பண்றதுன்னே தெரியல

காவேரிப்பட்டணம் அம்மா:

வணக்கம். எம் பையன் எட்டாவது படிக்கிறான், காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஸ்கூல், பேரு வேணாம். அவங்கப்பா இல்ல. எனக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, விடிகாலைல கம்பெனி பஸ் புடிச்சா இருட்டனப்பறம் தான் ஊட்டுக்கு வருவேன், அதனால பையன வளத்தது முக்கால்வாசி எந்தங்கச்சி தான். அவ திருநங்கை. எங்க ஊட்ல தம்பியா பொறந்தவ, ஆனா பையனுக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து அவ சித்தி தான். டிபன் கட்டறது, டைரில கையெழுத்து போடறது, காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போறது எல்லாம் அவ. ஊட்லயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறா, எங்க தெருவுல அவள யாரும் ஒரு வார்த்த தப்பா பேசினதில்ல.

இந்த வருஷம் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு எனக்கு லீவு கெடைக்கலன்னு அவ போயிட்டு வந்தா, அதுலருந்து ஆரம்பிச்சது. பையன் கிளாசுக்குள்ள நுழைஞ்சா பின்னாடி பெஞ்ச்லருந்து கைதட்டறானுங்களாம், எப்பிடித் தட்றதுன்னு நான் சொல்ல வேணாம். கணக்குல விடை ஒம்போதுன்னு வந்தா போதும், மொத்த கிளாசும் திரும்பி இவனப் பாத்து சிரிக்குமாம், கணக்கு வாத்தியாரும் சேந்து சிரிச்சிருக்காரு. டிபன தொறந்தா "இது சித்தி செஞ்சதா சித்தப்பா செஞ்சதா"ன்னு கேக்கறானுங்கன்னு இப்ப டிபனே எடுத்துனு போறதில்ல, சாயந்தரம் வரைக்கும் பட்டினி. திங்கக்கெழம ஆனா வயித்து வலி. டாக்டர்கிட்ட காட்னோம், ஒண்ணுமில்லன்னுட்டாரு.

கிளாஸ் டீச்சர்கிட்ட போன்ல பேசினேன். "பசங்க வெளையாட்டுக்கு பண்றதும்மா, அடுத்த தடவ நீங்களே வந்துருங்க, அவங்கள அனுப்பாதீங்க, தானா அடங்கிரும்"னாங்க. பையனும் அதையே தான் சொல்றான், சித்திய ஸ்கூல் பக்கம் வர வேணாம்னு நீயே சொல்லிரும்மா, நான் சொன்னா அது அழுவும்னு. நான் இன்னும் சொல்லல. ஆனா அவளுக்கே தெரிஞ்சு போச்சு போல, ஸ்கூல் விடற நேரத்துல கடைக்கு கூட போறதில்ல.

அவள வர வேணாம்னு சொல்லிட்றதா, கிருஷ்ணகிரி டவுன்ல வேற ஸ்கூல் பாக்கறதா, புகார் குடுக்கறதா? குடுத்தா இன்னும் ஜாஸ்தியாயிருமோன்னு பயமா இருக்கு. தங்கச்சிய தனியா வெச்சிருன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு பதில் போடாதீங்க, அத ஏற்கனவே சொந்தக்காரங்க சொல்லிட்டாங்க.

மாங்கா மண்டி:

அக்கா ஸ்கூல மாத்திருங்க. ஊர் வாய மூட முடியாது. டவுன்ல யாருக்கும் யாரையும் தெரியாது, நீங்க மட்டும் போய் அட்மிஷன் போட்டுட்டு வந்தா வேல முடிஞ்சது. கேஸு புகாருன்னு போனா பையன் படிப்பு தான் கெடும்.

பாலக்கோடு டீச்சர்:

மண்டி தம்பி, டவுனுக்குப் போனாலும் அங்கயும் பேரன்ட்ஸ் மீட்டிங் வரும்ல? அப்ப என்ன, சித்திய ஒளிச்சு வெக்கணுமா. எட்டாவது நடுவுல டிசி வாங்கினா புது ஸ்கூல்ல முதல் கேள்வியே ஏன் மாத்தறீங்கன்னு தான் வரும்.

அம்மா, நான் பாலக்கோடு பக்கம் கவர்மெண்ட் ஸ்கூல்ல வேல பாக்கறேன், உள்ளருந்து சொல்றேன் கேளுங்க. போன்ல பேசினது கணக்குல வராது. எழுத்துல எச்எம்முக்கு மனு குடுங்க, ரெண்டு காப்பி எடுத்துனு போயி ஒண்ணுல தேதி போட்டு கையெழுத்தும் சீலும் வாங்குங்க. "கிண்டல் பண்றாங்க"ன்னு மொட்டையா எழுதினா எச்எம்மும் கூப்பிட்டு கண்டிச்சேன்னு மொட்டையா முடிச்சிருவாரு. என்ன தேதி, எந்த பீரியட், என்ன சொன்னாங்க, அப்ப எந்த வாத்தியார் இருந்தாருன்னு எழுதுங்க. கணக்கு வாத்தியார் சிரிச்சத கண்டிப்பா எழுதணும், ஏன்னா பசங்க பண்றது ஒண்ணு, அவர் பண்ணது வேற. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுல பிள்ளைய அடிக்கறத மட்டும் சொல்லல, மனசளவுல துன்புறுத்தவும் கூடாதுன்னு இருக்கு. அது எட்டாவது வரைக்கும் பிள்ளைங்களுக்கான சட்டம், உங்க பையன் அதுக்குள்ள தான் வர்றான். எச்எம் அசையலன்னா 14417, அது பள்ளிக்கல்வித் துறை நம்பர். இல்ல 1098, அது குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன். கவர்மெண்ட் ஸ்கூலா இருந்தா மாணவர் மனசுன்னு ஒரு பெட்டி வெச்சிருப்பாங்க, பையனுக்கே எழுதிப் போடணும்னு தோணினா போடட்டும், நீங்க கட்டாயப்படுத்தாதீங்க.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். பிரேயர்ல நிக்க வெச்சு "இனிமே இவன யாரும் கிண்டல் பண்ணக் கூடாது"ன்னு சொல்ல வேணாம்னு மனுவுலயே எழுதிருங்க. நல்லெண்ணத்துல தான் பண்ணுவாங்க, ஆனா அதுவரைக்கும் ஒரு கிளாசுக்கு தெரிஞ்சது அன்னிக்கு ஸ்கூல் பூரா தெரிஞ்சிரும். எங்கயுமே ஆரம்பிக்கறது ரெண்டு மூணு பசங்க தான், மத்தவன் அடுத்து நம்ம மேல திரும்பிரக் கூடாதுன்னு பயந்து சிரிக்கறவன். அந்த ரெண்டு மூணு பேர தனித்தனியா, அவங்கவங்க அப்பா அம்மாவோட கூப்பிட்டுப் பேசினா போதும்.

எங்க ஆளுங்களையும் ஒரேயடியா திட்ட முடியல. 2021ல என்சிஇஆர்டி, அதான் மத்திய அரசோட பாடப்புத்தகம் போடற அமைப்பு, திருநர் பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துல எப்பிடி நடத்தணும்னு ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போட்டாங்க, எதிர்ப்பு வந்ததும் கொஞ்ச நாள்லயே வெப்சைட்லருந்து தூக்கிட்டாங்க. அத படிச்ச ஒரு வாத்தியாரக் கூட எங்க ஒன்றியத்துல நான் பாத்ததில்ல.

தருமபுரி அக்கா:

கண்ணு, நானும் திருநங்கை தான். நான் ஒம்போதாவதோட நின்னவ, காரணம் இதே கைதட்டு. அப்பல்லாம் திருநங்கைகளுக்கு நல வாரியமும் கெடையாது, 2008ல தான் தமிழ்நாட்ல வந்துச்சு. டீச்சரம்மா சட்டம் சொன்னாங்க, அதோட இதையும் சேத்துக்க. 2019ல யுனெஸ்கோவும் சென்னை சகோதரன் அமைப்பும் சேந்து, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துல எங்கள மாதிரி பிள்ளைங்க பட்டத ஆய்வு பண்ணி போட்டாங்க. ஸ்கூல்ல புகார் குடுத்தவங்க 18 சதவீதம் தான், மூணுல ஒருத்தர் இந்த கிண்டல் கொடுமையாலயே படிப்ப விட்ருக்காங்க. அதுல எங்க கணக்கு தான் இருக்கு, எங்கள சித்தின்னு கூப்புட்ற பிள்ளைங்களோட கணக்க யாரு எடுத்தா?

உந்தங்கச்சிய ஸ்கூலுக்கு போவ வேணாம்னு மட்டும் சொல்லிடாத. ஆனா அவ கேட்டு வாசல்ல நின்னு காத்திருக்க வேணாம், அங்க தான் பசங்க கூட்டமா இருப்பானுங்க, கூட்டத்துக்குத் தான் கைதட்ற தைரியம். உள்ள போயி எச்எம் ரூம்ல சேர் போட்டு உக்காரணும், நீயும் ஒரு நாள் லீவு போட்டு பக்கத்துல உக்காரு. "அவங்கள அனுப்பாதீங்க"ன்னு டீச்சர் சொன்னதையும் மனுவுல எழுது. 2019ல வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்துல எங்கள வார்த்தையால துன்புறுத்தறதே குத்தம், 6 மாசத்துலருந்து 2 வருஷம் வரைக்கும் ஜெயில். அதுக்காக பதிமூணு வயசுப் பையன் மேல போலீசுக்கு போவாத, எனக்கு அதுல இஷ்டமில்ல. பெரியவங்களுக்கு அந்த சட்டம் ஞாபகத்துல இருந்தா போதும்.

பையன் மேல கோவப்படாத. வர வேணாம்னு அவன் சொல்றது சித்தி வேணாம்னு இல்ல.

பாலக்கோடு டீச்சர்:

அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒத்து வரல. பையன கேக்காம சித்திய கூட்டினு போயி உக்கார வெக்காதீங்க. தெனமும் அந்தக் கிளாஸ்ல உக்காரப் போறவன் அவன். "நாங்க வர்றோம், என்னிக்கு வரலாம், லஞ்ச்லயா ஸ்கூல் விட்டப்பறமா"ன்னு அவனையே கேளுங்க.

தருமபுரி அக்கா:

கேக்கட்டும். ஆனா அவன் வேணாம்னா வருஷக்கணக்கா வேணாமா டீச்சர்? அந்தப் பொண்ணு எத்தன நாளைக்கு கடைக்குப் போவாம இருக்கும்?

ஓசூர் ரெண்டு பேர்:

இது வரைக்கும் எங்கயும் எழுதினதில்ல, புது ஐடி போட்டு எழுதறேன். நாங்க ரெண்டு பொண்ணுங்க, ஓசூர்ல ஒரே வீட்ல இருக்கோம், என்னோட முதல் கல்யாணத்துல பொறந்த பொண்ணு ஆறாவது படிக்கிறா. உங்க தங்கச்சி விஷயம் பாத்த உடனே தெரிஞ்சிரும், எங்களுது தெரியாது, அதனால ஸ்கூல்ல "பெரியம்மா"ன்னு சொல்லி வெச்சிருக்கோம். சவுகரியம்னு நெனப்பீங்க. வீட்டு ஆளுங்கள வரைஞ்சுட்டு வரச் சொன்னாங்கன்னு ஒரு நாள் எம் பொண்ணு வந்து நின்னுக்கிட்டு யார வரையலாம்னு எங்கிட்ட பர்மிஷன் கேட்டா பாருங்க, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் இல்ல. கிண்டல் இல்லதான், அதுக்கு பதிலா பிள்ள எப்பவும் உஷாராவே இருக்கு, எந்த ஃப்ரெண்டையும் வீட்டுக்கு கூப்பிட மாட்டேங்குது.

சட்டம் கேட்டீங்கல்ல, நான் இதெல்லாம் தேடித்தேடி படிச்சவ. 2021 ஜூன்ல மெட்ராஸ் ஐகோர்ட்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவு, மதுரைலருந்து ஓடி வந்த ரெண்டு பொண்ணுங்க கேஸ். எனக்கும் இது புரியணும்னு அந்த ஜட்ஜே சைக்காலஜிஸ்ட் கிட்ட போய் உக்காந்தாரு. அதுல பள்ளிக்கூடங்களுக்கும் சொல்லிருக்காரு, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமா பெத்தவங்களுக்கு இத புரிய வைக்கணும்னு. உங்க மனுவுல அத ஒரு வரி போடுங்க, ஏன்னா உங்க பிரச்சனை ஆரம்பிச்சதே அந்த மீட்டிங்ல தான். 2023ல சுப்ரீம் கோர்ட் எங்கள மாதிரி ஆளுங்க கல்யாணத்துக்கு முடியாதுன்னிருச்சு, ஆனா 2025 மே மாசம் மெட்ராஸ் ஐகோர்ட் கல்யாணம் மட்டும் தான் குடும்பம்னு இல்ல, தேடிக்கிட்ட குடும்பமும் குடும்பம் தான்னு சொன்னுச்சு. படிச்சுட்டு நாங்க ரெண்டு பேரும் ஹோட்டல்ல போய் பிரியாணி சாப்பிட்டோம். ஸ்கூல் ஃபார்ம்ல அதுக்கு கட்டம் இல்லங்கறது வேற விஷயம்.

நீங்க உடனே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. "நான் வேலைக்குப் போறதால எம் பையன் சம்பந்தமா எந்த மீட்டிங்குக்கும் வரவும், அவன கூட்டிட்டுப் போகவும், கையெழுத்துப் போடவும் என் தங்கச்சிக்கு முழு சம்மதம்"னு எழுதி, அவங்க ஆதார் காப்பியும் வெச்சு எச்எம்கிட்ட குடுத்துருங்க. அப்பறம் அனுப்பாதீங்கன்னு சொல்லணும்னா ஸ்கூல் எழுத்துல தான் சொல்லணும். எழுத மாட்டாங்க.

மாங்கா மண்டி:

சரி அக்கா, நான் அவசரப்பட்டு எழுதிட்டேன்னு நெனைக்கறீங்க, ஆனா எச்எம்மும் அதே மாதிரி ஆளா இருந்தா?

பாலக்கோடு டீச்சர்:

அப்ப சிஇஓ ஆபீஸ், அதான் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ். அதுக்கும் அசையலன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் மனு நாள், கிருஷ்ணகிரில தானே, அங்க குடுத்தா நம்பர் போட்டு ரசீது தருவாங்க. அந்த நம்பர் ஸ்கூலுக்கு போய் சேந்துதுன்னா எச்எம் பதில் எழுதியே ஆகணும்.

காவேரிப்பட்டணம் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஓசூர் சிஸ்டர், உங்க பொண்ணு வரைஞ்சதுல கடைசில யாரு இருந்தாங்கன்னு சொல்லவே இல்லியே. நேத்து பையன்ட்ட பேசினேன், சித்தி வரட்டும் ஆனா கணக்கு பீரியட் முடிஞ்சப்பறம் வரட்டும்னான். வியாழக்கெழம லீவு கேட்ருக்கேன். சம்மதக் கடிதம் எழுதியாச்சு, மனு தான் பாதில நிக்குது. டீச்சர், வாத்தியார் பேர போடலாமா, இல்ல "கணக்கு ஆசிரியர்"னு மட்டும் போடணுமா?

பாலக்கோடு டீச்சர்:

பேரே போடுங்க. மரியாதையா "திரு"ன்னு சேத்துப் போடுங்க.