லூபஸ்: மூடுபனியிலும் சன்ஸ்கிரீன் வேணுமா?

கோத்தகிரிக்காரன்:
தங்கைக்கு 27 வயசு, 42 கிலோ. கொழுந்து பறிக்கிற வேலை. மூட்டுவலியில் ஆரம்பிச்சு, லூபஸ்னு (நோய் எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்குற நோய்) உறுதியாகி, அதுக்கான மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 மி.கி. தினம் ஒண்ணு, காலையில் ஸ்டீராய்டு. பாதி நாள் மூடுபனிதான், அப்படியும் சன்ஸ்கிரீன் போடச் சொல்றாங்க. மூட்டுவலிக்கு எதுக்கு அடிக்கடி சிறுநீர் டெஸ்ட்? காலையில் விரல் வெளுத்து மரத்துப்போகுது, அதுக்கு என்ன செய்யலாம்?

தொட்டபெட்டா:
மூடுபனி கண்ணுக்குத்தான் இதமா இருக்கும். புற ஊதாக்கதிர் மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை வந்துடும். 1,000 மீட்டர் ஏறினா சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். கதிர் பட்டு தோல் செல்கள் சாகும்போது உள்ளேயிருக்கிற டிஎன்ஏ வெளியே வரும். லூபஸ்ல உடம்பு அதையே எதிரியா நினைச்சுத் தாக்கும். கன்னத்தில் தடிப்பு வர்றதோட நிக்காது, நோயே கிளம்பலாம். எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், முகம் கழுத்துக்கு இரண்டு விரல் நீளம், கிளம்ப 20 நிமிஷம் முன்னாடி. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். பறிக்கும்போது வியர்வையில் அழிஞ்சுடும், அதனால அகல விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் உண்மையான காவல்.

லேப்_அக்கா:
தம்பி, சிறுநீர் டெஸ்ட்டை மட்டும் விட்டுடாதீங்க. கிட்னி வலிக்காமலே கெடும். எதிர்ப்பொருளும் (ஆன்டிபாடி) டிஎன்ஏவும் ஒட்டிக்கிட்ட திரள்கள் கிட்னி வடிகட்டியில் படிஞ்சு, புரதம் ஒழுகும். நுரை அடங்காத சிறுநீர், காலையில் கண்ணிமை வீக்கம், சாயங்காலம் செருப்பு வார் பதிஞ்ச தடம், இதெல்லாம் தாமதமா வர்ற அறிகுறி. காலை முதல் சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதம் 0.5 தாண்டினா பயாப்ஸி (கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கிறது) பத்திப் பேசுவாங்க. ரத்தத்தில் டிஎன்ஏவைத் தாக்குற எதிர்ப்பொருள் (ஆன்டி டிஎஸ்-டிஎன்ஏ) ஏறி, சி3, சி4ங்கிற எதிர்ப்புப் புரதங்கள் இறங்கினா நோய் கிளம்புதுன்னு சந்தேகம். பிரஷரையும் பாருங்க.

குன்னூர்_ஃபார்மசி:
ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கிலோவுக்கு 5 மி.கி. மிஞ்சக்கூடாது. 42 கிலோவுக்கு 210, ஆக ஒரு மாத்திரை சரி. தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, 5 வருஷத்துக்கப்புறம் வருஷாவருஷம். ஸ்டீராய்டைச் சட்டுனு நிறுத்தினா உடம்பு சொந்தமா சுரக்கத் தாமதமாகி மயக்கமே வரலாம்.

விரல் வெளுத்து, நீலமாகி, சிவந்தா அது ரெய்னாட், குளிரில் விரல் ரத்தக்குழாய் அளவுக்கு மீறி சுருங்குற கோளாறு. கையுறை மட்டும் போதாது, உடம்பு குளிர்ந்தாலே விரல் ரத்தக்குழாய் சுருங்கும். ஸ்வெட்டர், குல்லா முக்கியம். மரத்த கையைக் குமுட்டி அடுப்பில் காட்டாதீங்க, சுட்டாலும் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணி போதும். விரல் நுனியில் புண் வந்தா உடனே காட்டணும்.

கோத்தகிரிக்காரன்:
நன்றி. காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாமா?

லேப்_அக்கா:
100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. நோயா தொற்றான்னு வீட்டில் பிரிக்க முடியாது, ஸ்டீராய்டு அறிகுறியை மறைக்கும். சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் தானா வாங்கிப் போடாதீங்க, லூபஸைக் கிளப்பிவிடலாம்.