தினமும் 22 கி.மீ., மாதம் ஒரு நெடும்பயணம்: 12,000 ரூபாய்க்குள் எந்த ஸ்டீல் சைக்கிள் வாங்கலாம்?

குடந்தை வாத்தியார்

வணக்கம். கும்பகோணத்தில் இருக்கிறேன். சுவாமிமலை தாண்டி ஒரு பள்ளியில் வேலை, ஒரு வழிக்கு 11 கி.மீ. ஐந்து வருஷமாகச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு தூரமாகக் கிளம்பிவிடுவேன். அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம், இல்லையென்றால் தரங்கம்பாடி.

இப்போது இருப்பது முன்பக்கம் ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த, பட்டை டயர் போட்ட 21 கியர் சைக்கிள். கேரியர் பொருத்த பிரேமில் துளையே கிடையாது. சீட் கம்பியில் கவ்வும் கேரியர்தான் போட்டிருந்தேன். போன மாதம் மயிலாடுதுறைக்கு முன்னால் அதன் போல்ட் முறிந்து, பை பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. பின்னால் பஸ் எதுவும் வராதது என் நல்ல நேரம். இது போக, ஆறு மாதமாக முழங்காலின் முன்பக்கம் வலி.

உயரம் 5 அடி 10 அங்குலம், எடை 78 கிலோ. என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. புது பிளாக் சைக்கிள் (கியர் இல்லாத, பழைய பாணி கறுப்பு சைக்கிள்), 24 இஞ்ச் பிரேம், 7,800 சொல்கிறார்கள். கடைக்காரர் காட்டும் டிஸ்க் பிரேக் சைக்கிள், முன்னும் பின்னும் ஸ்பிரிங், 11,500. மூன்றாவது, தஞ்சாவூரில் ஒருவர் விற்கும் பழைய சைக்கிள்: ஸ்பிரிங் இல்லாத ஸ்டீல் ஃபோர்க், 26 இஞ்ச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. 'குரோமோலி' (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) என்று ஸ்டிக்கர் இருக்கிறது. விலை 9,000. ஆனால் பல வருஷம் நாகப்பட்டினத்தில் கடலோரம் இருந்த வண்டியாம். துருப் பயம் விடமாட்டேன் என்கிறது. எதை எடுக்கட்டும்?

பழைய மணி

பிளாக் சைக்கிளை எடுங்க சார். முப்பது வருஷமா அதுதான் ஓட்டுறேன். டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலம் மட்டும்தானே! நீங்கள் போகிற ஊரில் எல்லாம் டயர், டியூப், போக்ஸ் கம்பி, பால்ரஸ் கிடைக்கும். டெல்லி பக்கத்து சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலை 2020-லேயே மூடியாச்சு. ஆனாலும் என் பழைய அட்லஸுக்கு ஒரு பாகமும் கிடைக்காமல் போனதில்லை. எல்லாக் கம்பெனி பிளாக் சைக்கிளும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

வாங்கினதும் ஒரு வேலை மட்டும் செய்யுங்க. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றுதான் பெரும்பாலும் வரும். ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். எதிர்காற்றில் அது முழங்காலைப் பிழிஞ்சிடும். பின் ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் நாலரை மீட்டராகக் குறையும். செலவும் அதிகம் இல்லை.

மழையில் மட்டும் கவனம். கம்பி பிரேக் கட்டை ஸ்டீல் ரிம்மின் உள்பக்கத்தைத்தான் பிடிக்கும். நனைந்தால் முதல் சில சுற்று பிடிக்கவே பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைச்சுக்கணும்.

கொள்ளிடக்கரை

வாத்தியார் அண்ணா, சைக்கிள் வாங்குவது இருக்கட்டும், முதலில் இன்றைக்கே சீட் உயரத்தைப் பாருங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதுதான் காரணம். சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோங்கள். கால் முழுசாக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்படி வைத்துவிட்டால், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி சரியான அளவுக்கு மடங்கும்.

இரண்டு ஸ்பிரிங் வண்டி உங்களுக்கு வேண்டவே வேண்டாம். நீங்கள் மிதிக்கிற பலத்தை அது குதித்தே தின்றுவிடும். கேரியர் பிரச்சினையும் தீராது.

தஞ்சாவூர் சைக்கிளைப் போய்ப் பாருங்கள். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், சீட் கம்பியை உருவிப் பாருங்கள். அதில் கம்பியின் விட்டம் மி.மீ.யில் இருக்கும். 27-ஐ ஒட்டிய எண் பொறித்திருந்தால் பிரேம் டியூப் மெல்லியது, பெரும்பாலும் நல்ல ஸ்டீலாகத்தான் இருக்கும். 25.4 என்றால் தடித்த சுவர், சாதா ஸ்டீல். சாதா ஸ்டீலும் மோசமில்லை, கனம்தான் கூடும். குரோமோலிக்கு வலு அதிகம், அதனால் டியூபை மெலிதாக இழுக்கலாம், எடை குறையும். வேறு மாயம் ஒன்றும் இல்லை.

கையில் ஒரு நூல்கண்டு எடுத்துப் போங்கள். பின்சக்கரம் மாட்டும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டி, ஹேண்டில்பார் கழுத்தைச் சுற்றி, மறுபக்கப் பிளவுக்கு விறைப்பாக இழுங்கள். சீட் டியூபுக்கும் (சீட் கம்பி இறங்கும் பிரேம் குழாய்) நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது, விட்டுவிடுங்கள். துருவைத் தேட வேண்டிய இடம் வெளியே இல்லை. பெடல் அச்சு இருக்கும் கூட்டின் அடிப்பக்கம், சீட் கம்பி இறங்கும் வாய், ஃபோர்க் மேல்நுனி, இந்த மூன்றையும் பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்திருந்தால் நகத்தால் அழுத்துங்கள். உள்ளே போனால் வாங்க வேண்டாம்.

குடந்தை வாத்தியார்

தம்பி, நீங்கள் சொன்னபடி சீட்டைத் தூக்கினேன். நாலு செ.மீ. ஏறியதும் கம்பியில் 'இதற்கு மேல் கூடாது' என்ற கோடு வந்துவிட்டது. இன்னும் இரண்டு செ.மீ. வேண்டும் போலத் தோன்றுகிறது. அதற்கே நாலு நாளில் வலி பாதி குறைந்திருக்கிறது. ஐந்து வருஷமாக எனக்குச் சின்ன சைக்கிளை ஓட்டியிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

நேற்று தஞ்சாவூர் போனேன். பிரேம் 20 இஞ்ச். நூல் வித்தியாசம் இரண்டு மி.மீ.தான். அடிக்கூடு சுத்தம். பின்பக்கம் கேரியர் போல்ட் போடத் திருகுத் துளை இருக்கிறது. ஆனால் சீட் கம்பி அசையவே இல்லை! எனக்குத் தேவையான உயரத்துக்கு மூன்று விரல் கீழே நிற்கிறது. விட்டுவிடட்டுமா?

கொள்ளிடக்கரை

அண்ணா, அவசரப்பட்டு விட வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம். கம்பி அலுமினியம், டியூப் ஸ்டீல். கிரீஸ் போடாமல் உப்புக்காற்றில் கிடந்தால் இரண்டும் இப்படிப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளைத் தலைகீழாக வைத்து, பெடல் அச்சைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயைச் சீட் டியூபுக்குள் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டு நாள் ஊறட்டும். பிறகு கம்பியை வைஸில் இறுக்கிப் பிடித்து, பிரேமைத் திருக வேண்டும். சுத்தியல் படக் கூடாது. கம்பி வெளியே வந்த பிறகு பேரம் பேசுங்கள்.

பழைய மணி

வந்தால் எடுத்துக்குங்க சார். உங்கள் எடைக்கும் பையின் சுமைக்கும் கியர் இருப்பது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. டயர் மாற்றும்போது மட்டும் ஜாக்கிரதை. 26 இஞ்ச் என்று சொன்னால் கடையில் லேடீஸ் சைக்கிள் டயரைக் கொடுத்துவிடுவார்கள், அது 590 (ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மி.மீ.யில்). உங்களுக்கு வேண்டியது 559. டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும், படிச்சுப் பார்த்து வாங்குங்க.

குடந்தை வாத்தியார்

மூன்றாம் நாள் கம்பி வந்தது, எண் 27.0. விலை 7,500-க்கு இறங்கினார். ஓவராயில், 1.5 இஞ்ச் அகல வழவழப்பு டயர், பிரேக் கட்டை, துளையில் முடுக்கிய இரும்புக் கேரியர் எல்லாம் சேர்த்து 11,400 ஆனது. மழைக்கு முன்னால் துருப் பிடிக்காமலிருக்கப் பிரேம் டியூபுக்குள் எண்ணெய் விட வேண்டும் என்கிறார்கள். எது நல்லது?

கொள்ளிடக்கரை

பெயிண்ட் கடையில் 'பாயில்டு' ஆளிவிதை எண்ணெய் (சீக்கிரம் காயும் வகை) கேளுங்கள். ஒவ்வொரு டியூபிலும் கொஞ்சம் விட்டு, பிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, இரண்டு நாள் காயவிடுங்கள். உள்ளே படலமாக ஒட்டிக்கொள்ளும். அடிக்கூட்டில் தண்ணீர் வடிய ஓட்டை இருந்தால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் தரங்கம்பாடி போனால், போகும்போது மேல்காற்று (மேற்கிலிருந்து அடிப்பது) தள்ளிக்கொண்டே போய் விடும், திரும்பும்போதுதான் முகத்தில் அடிக்கும். இரவு தங்கி, விடியுமுன் கிளம்பிவிடுங்கள். அப்புறம், முதல் 100 கி.மீ. முடிந்ததும் கேரியர் போல்ட்களை ஒருமுறை முடுக்குங்கள் அண்ணா.